பானை உறியும் யவனப் பட்டினமும்

வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் உலக விஷயங்களையெல்லாம் எடுத்து அளக்கிற நம்மைப் பார்த்து, "தாங்கள் எந்தெந்த தேசத்துக்குப் போய் வந்திருக்கிறீர்கள்?" என்று சில நேயர்கள் மரியாதையாகக் கேட்பதுண்டு. உண்மையைச் சொல்லிவிடுவதே உத்தமம். மேற்கே கல்வராயன் மலையில் வெள்ளிமலை. கிழக்கே புதுச்சேரிக் கடற்கரை. நமது திக்விஜயம் இவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயருக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடுகிறது. ஆயினும் இந்த வாரம் கடல் கடந்து சென்று, யவனப் பட்டினமொன்றில் குடித்தனம் நடத்திய தமிழர்களைக் கண்டு வருவதாக உத்தேசம். வழிகாட்டி நாமல்ல, வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நமது ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒரு மலைப் பையன்.

கல்வராயன் மலையில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்துக்கும் இவர்களுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மலைவாசிகள் என்பதே அச்சொல்லின் பொருள். வீட்டில் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து மலையேறியவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். சாமையும் கேழ்வரகும் பயிரிடுவார்கள். தேனும் கடுக்காயும் சேகரிப்பார்கள். அந்த மலையிலிருந்து இறங்கி வரும் கோமுகி நதியின் நீரைத்தான் அடிவாரத்து அணையில் தேக்கிக் கீழ்நாட்டார் நெல்லும் கரும்பும் விளைவிக்கிறோம். தண்ணீர் இறங்கி வரும்போது கைகூப்பி வரவேற்கிற நாம், ஆள் இறங்கி வரும்போது அப்படிச் செய்கிறோமா என்று யாரேனும் கேட்டால் பதில் சொல்லுவது கஷ்டம்.

பையன் ஊரிலுள்ள மாணவர் விடுதியில் தங்கியிருந்தான். வந்த முதல் நாள் பாடப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொன்னோம். நான்கு வரி வாசித்திருப்பான். அவன் இழுத்துப் பேசும் மாதிரியைக் கேட்டு முன் வரிசையில் ஒருவன் சிரித்தான். உடனே வகுப்பு முழுதும் சிரித்தது. நாமும் புன்னகை செய்ததாக ஞாபகம். அதற்குப் பிறகு மூன்று மாத காலம் அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய அபிவிருத்திக் குறிப்பில், "பேசமாட்டான்" என்று நமது கையாலேயே எழுதினோம். இருமுறை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெள்ளிமலை பஸ் ஏறிப் போய்விட்டான். இருமுறையும் அவனுடைய தகப்பனார், தவறு தம்முடையதுபோலத் தலை குனிந்தவராய், கையில் ஒரு புட்டித் தேனுடன் அவனை அழைத்துவந்து விட்டுப் போனார். தேனை நாம் வாங்கிக்கொண்டோம். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

இப்படியிருக்கையில் ஒரு நாள் யவனர் பாடம் வந்தது. யவனர் என்ற சொல் கிரேக்க மக்களின் ஒரு பிரிவினருடைய நாடான அயோனியாவின் பெயரிலிருந்து பிறந்தது. முதலில் கிரேக்கரைக் குறித்து, பிறகு ரோமாபுரிச் சாம்ராஜ்யத்திலிருந்து வந்த எல்லோருக்கும் பொதுப்பெயராயிற்று. இந்தப் பாடமென்றால் நமக்குத் தனி உற்சாகம். காவிரிப்பூம்பட்டினத்தில் நதியும் கடலும் கூடும் இடத்தருகே யவனர் மாளிகைகள் கண்ணைக் கவர்ந்து நின்றதாகச் சிலப்பதிகாரம் சொல்லுவது, மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனர் காவல் நின்றது, சோழ மன்னனுக்கு மண்டபம் சமைப்பதற்கு மகத நாட்டு வினைஞரோடும் மராட்டக் கம்மரோடும் யவனத் தச்சரும் தமிழ்த் தொழிலாளரோடு கூடி வேலை செய்ததாக மணிமேகலை பேசுவது, எல்லாவற்றையும் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னோம். "நம் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி இருக்கிறானே, அவனைப் பாட வந்த மாறோக்கத்து நப்பசலையார் என்ற புலவருக்கு உவமையாக வந்தது எது தெரியுமா? மேற்குக் கடலில் பொன் ஏற்றி வரும் சேரனுடைய மரக்கலம்!" என்று முடித்தோம். பிள்ளைகள் தூங்கவில்லை, அதுவே பெரிய வெற்றி. சந்தேகம் உண்டா என்று கேட்டோம். வழக்கம்போல் ஒருவருக்கும் இல்லை.

மணி அடித்தது. தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தோம். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் மலைப் பையன்.

"அவங்க சோத்துக்கு என்ன ஸார் பண்ணாங்க?" என்றான்.

"யார் அப்பா?"

"அந்த யவனருங்க. இங்க வந்து இருந்தாங்கல்ல, சோத்துக்கு என்ன பண்ணாங்க?"

நமக்குப் பதில் தெரியவில்லை. பொன்னையும் கப்பலையும் பேசினோமே தவிர, வந்தவன் மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட நினைத்ததில்லை. பிறகுதான் விடுதிச் சமையற்காரர் ஒருவர் சொன்ன செய்தி ஞாபகம் வந்தது. பையன் சோற்றைப் பாதி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறானாம். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்ந்த வயிறு. "நாளை சொல்லுகிறேன்" என்றோம். அந்த நாளை வருவதற்கு மூன்று வாரம் பிடித்தது.

அதற்கு விடை நமக்கு வெகு சமீபத்திலேயே, புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில், மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. அங்கே 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சுக்காரரும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் அகழ்ந்து பார்த்தார்கள். இரண்டு கைப்பிடியும் குறுகிய அடியும் உள்ள மேல்நாட்டு ஜாடிகளின் துண்டுகள் நிறையக் கிடைத்தன. பலவற்றில் வந்தது திராட்சை மது. அதைக் குறித்து நமக்கு வியப்பில்லை. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் பாடியிருக்கிறார். ஆனால் எல்லா ஜாடிகளும் மது ஜாடிகள் அல்ல. சிலவற்றில் ஒலிவ எண்ணெய் வந்திருக்கிறது. இன்னும் சிலவற்றில், மீனை உப்போடு சேர்த்து வெயிலில் ஊறவைத்து வடிக்கிற ஒருவகைக் குழம்பு, அதுவும் ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசர்கள் மதுவை விரும்பியிருக்கலாம். இந்த மீன் குழம்புக்கும் ஒலிவ எண்ணெய்க்கும் இங்கே யார் ஏங்கியிருக்கப் போகிறார்கள்? நல்லெண்ணெய் வாடையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பண்டத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் கடற்கரையில் உட்கார்ந்திருந்த யவனன்தான்.

இங்கே நின்றிருந்தால் கட்டுரை முடிந்திருக்கும். பையனுடைய கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டுமென்று நமக்குத் தோன்றிற்று. அங்கே போன நம்மவன் சோற்றுக்கு என்ன செய்தான்?

போனவர்கள் உண்டு; அதுவும் சந்தேகத்துக்கு இடமின்றி. எகிப்து தேசத்தை ஆண்ட கிரேக்க அரசனான இரண்டாம் தாலமி, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் செங்கடற் கரையில் ஒரு துறைமுகம் அமைத்துத் தன் தாயாரின் பெயரால் பெரெனிகே என்று அழைத்தான். அதற்கு வடக்கே மியோஸ் ஹோர்மோஸ் என்று மற்றொரு துறைமுகம். இன்று அவ்விடத்துக்குக் குசேர் அல்-காதிம் என்று பெயர். பூமி எகிப்தியருடையதானாலும், கணக்கும் கடிதமும் சுங்கமும் நடந்த பாஷை கிரேக்கம். அரசு ரோமாபுரியின் கைக்கு மாறிய பிறகும் அது மாறவில்லை. மியோஸ் ஹோர்மோஸிலிருந்து மட்டும் வருஷத்துக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்படுவதாக ஸ்திராபோ என்ற கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கப்பல்களுக்கெல்லாம் காற்றே எஜமான். மார்கழி, தை வாக்கில் வாடைக்காற்றைப் பிடித்து மேற்கே புறப்பட்டால் மாசி, பங்குனியில் செங்கடல் சேரலாம். திரும்புவதற்கோ ஆடிமாதம் வரையில் காத்திருக்க வேண்டும். ஆகையால் போன தமிழன் நினைத்தவுடன் ஊர் திரும்ப முடியாது. நாலு மாதமாவது அங்கே சமைத்துச் சாப்பிட்டுத் துணி துவைத்து வாழ்ந்தே தீரவேண்டும்.

என்ன ஊர் அது! ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பாலைவனம். குடிப்பதற்கு ஊரில் நல்ல தண்ணீர் கிடையாது. உள்நாட்டுக் கிணறுகளிலிருந்து தோல் பைகளில் சுமந்து வரவேண்டும். எந்த ஆளுக்கு எத்தனை தண்ணீர் வந்தது என்று ஓட்டுச் சில்லுகளில் கிரேக்க எழுத்தில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் வீட்டுச் சுவர்களைப் பவளப் பாறைத் துண்டுகளால் எழுப்பினார்கள். உடைந்த கப்பல்களின் தேக்குமரத்தைக் கட்டடங்களுக்கு உபயோகித்தார்கள். அந்தத் தேக்கு நம் தேசத்துக் காடுகளில் வளர்ந்தது. வெயில் கண்ணைப் பறிக்க, மணற்காற்று வீச, சுற்றிலும் புரியாத பாஷை இரைச்சலிட, நம்மவர் சுவரில் கை வைத்தபோது அந்த ஒரு பலகையாவது பழகியதாக இருந்திருக்கும்.

1994 முதல் பெரெனிகேயில் அகழ்ந்து வரும் ஆராய்ச்சிக்காரர்கள் குப்பைமேட்டையும் விடாமல் சல்லடை போட்டிருக்கிறார்கள். சரித்திரத்தில் குப்பைமேட்டைவிட நம்பத்தகுந்த சாட்சி வேறில்லை. அதற்குப் பெருமை பேசத் தெரியாது. அங்கே கிடைத்தவை அரிசி, பச்சைப் பயறு, தேங்காய், நெல்லிக்காய், குன்றிமணி. நம் தேசத்து மண் சட்டிகளும் கிடைத்தன. செராபிஸ் தேவன் கோயிலில் தரையில் புதைந்திருந்த ஓர் இந்தியப் பெருஞ்சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. மிளகு வியாபாரச் சரக்கு. அதன்மேல் ரோமாபுரிச் சீமான்களுக்கு இருந்த மோகம் பிரசித்தம். காரத்தைத் தவிர வேறொரு குணமும் இல்லாத வஸ்துவுக்காகவா இவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்று பிளினி என்ற பெரியவர் சலித்துக்கொண்டதும் நாடறிந்த கதை. ஆனால் பச்சைப் பயற்றுக்கு எந்த ரோமாபுரிப் பிரபு காத்திருந்தான்? அதை மண் சட்டியில் வேகவைத்து இறக்கியவர்கள் நம் தேசத்தவர்களாகவே இருக்க வேண்டும். அரிக்கமேட்டில் மீன் குழம்பு, பெரெனிகேயில் பயறு. கடலின் இரு கரையிலும் ஒரே ஏக்கம்.

நம்மவர்கள் தங்கள் பெயர்களையும் விட்டுச் சென்றிருக்கிறார்கள். குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்களும், பெரெனிகேயில் கிடைத்த ஓட்டில் கொற்றன் என்ற பெயரும் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அரசர் பெயரன்று, புலவர் பெயரன்று. தன் பானையை அடுத்தவன் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று பெயர் வெட்டிய சாமானிய மனிதர்கள். பெரெனிகேயில் ஐஸிஸ் தேவியின் கோயிலிலிருந்து சலவைக் கல்லாலான புத்தர் விக்கிரகம் ஒன்றும் வெளிப்பட்டது. 2023-ல் செய்தி வந்தது. அன்னிய தேவியின் ஆலயத்தில் இந்திய மூர்த்திக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றைப் படித்துப் பூரித்துப் போனோம் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் பெருமைக்கு மருந்தும் நம் நூல்களிலேயே இருக்கிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்து, கைகளைப் பின்கட்டாகக் கட்டி, தலையில் நெய்யை ஊற்றி, அவர்களுடைய விலையுயர்ந்த கலங்களையும் வயிரங்களையும் பறித்துக்கொண்டான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்று புகழ்ச்சியாகவே சொல்லுகிறது. முல்லைப்பாட்டில் அரசனுடைய பாசறை வருகிறது. சட்டையிட்ட, பார்த்தாலே அச்சமூட்டும் யவனர் அரசன் தங்கும் இல்லத்தை அமைக்கிறார்கள். உள்ளே மிலேச்சர் காவல். அந்த மிலேச்சருக்குப் புலவர் கொடுக்கும் அடையாளம் என்ன? பேசாத நாக்கு, சொல்ல வேண்டியதை உடம்பினால் காட்டுவார்கள். அவர்கள் ஊமைகள் அல்லவே! தங்கள் வீட்டில், தங்கள் மனைவி மக்களோடு, மணிக்கணக்காகப் பேசியிருப்பார்கள். கேட்பவருக்குப் பாஷை தெரியவில்லை. பழி பேசுகிறவனுடைய நாக்கின்மேல் விழுந்தது.

அந்தப் பக்கத்துக்காரர்களும் இளைத்தவர்களல்ல. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் குப்பையிலிருந்து கிடைத்து 1903-ல் வெளியான ஒரு கிரேக்க ஹாஸ்ய நாடகத்தில், இந்தியக் கடற்கரை அரசன் ஒருவனிடம் சிக்கிய கிரேக்கப் பெண்ணை அவளைச் சேர்ந்தவர்கள் மீட்கிறார்கள். அரசனும் அவன் ஆட்களும் பேசுவதெல்லாம் கிரேக்கருக்கு விளங்காத பேச்சு. சபையைச் சிரிக்க வைப்பதற்கே அது சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பேச்சில் கன்னடச் சொற்கள் கலந்திருப்பதாக வாதித்த அறிஞர்கள் உண்டு. இல்லவே இல்லை, வெறும் உளறல் என்றவர்களும் உண்டு. எதுவாயிருந்தாலும், முன் வரிசையில் ஒருவன் சிரித்திருப்பான். உடனே கொட்டகை முழுதும் சிரித்திருக்கும்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டோம். "பேசமாட்டான்" என்று நாம் எழுதியது கண்முன் வந்து நின்றது.

மறுநாள் வகுப்பில் பையனுடைய கேள்வியை, இன்னார் கேட்டது என்று பெயர் சொல்லாமல், கேள்வியாகவே கரும்பலகையில் எழுதினோம். அரிக்கமேடு, பெரெனிகே, மீன் குழம்பு, பயறு எல்லாம் சொன்னோம். கடைசியில், குசேர் அல்-காதிமில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது அகப்பட்ட ஓர் ஓட்டைப்பற்றிச் சொன்னோம். அது ஒரு சேமிப்புப் பானையின் உடைந்த துண்டு. சுமார் 2000 வருஷத்துப் பழமை. அதில் தமிழ்ப் பிராமியில் எழுதியிருந்ததை 2007-ல் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார்: பானை ஒறி. ஒறி என்றாலும் உறி என்றாலும் ஒன்றே. எகிப்துப் பாலைவனத்தின் ஓரத்தில், கிரேக்கம் பேசும் துறைமுகத்தில், தமிழன் ஒருவன் உறி கட்டிப் பானையைத் தொங்கவிட்டிருக்கிறான்.

பிள்ளைகள் விழித்தார்கள். "உறி என்றால் என்ன?" என்று கேட்டோம். வெங்காயத்தை உரிப்பது என்றான் ஒருவன். ஒரு பெண், கண்ணன் வெண்ணெய் திருடும் படத்தில் தொங்குமே, அதுதானே என்று சந்தேகத்தோடு சொன்னாள், அருகில் வந்தாள். ஆனால் அதை எப்படிக் கட்டுவது, எதற்குக் கட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. குளிர்பதனப் பெட்டி வந்த வீட்டில் உறிக்கு என்ன வேலை?

கடைசிப் பெஞ்சியிலிருந்து குரல் வந்தது.

"எங்க வூட்ல இருக்குது ஸார்."

அதே இழுத்த பேச்சுத்தான். முன் வரிசைக்காரன் திரும்பிப் பார்த்தான். நாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். இம்முறை நமது முகத்தில் புன்னகை இல்லையென்று உறுதி கூறுவோம். யாரும் சிரிக்கவில்லை.

பையனை முன்னால் வரச் சொன்னோம். பூகோளப் படத்தைத் தொங்கவிட்டிருந்த சணல் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தோம். முதலில் அடியில் ஒரு வளையம் முறுக்கினான். பானை உட்காரும் இடம் அதுவாம். பிறகு கயிற்றைப் பிரித்து வளையத்திலிருந்து சரங்களை மேலே இழுத்து ஒரே முடிச்சில் சேர்த்தான். கை வேலை செய்யச் செய்ய வாயும் திறந்தது. எலி, பூனை, எறும்பு மூன்றுக்கும் எட்டாமல் தொங்கவேண்டும். கூரையின் நடு மூங்கிலில் கட்டினால்தான் ஆடாது. அவன் பாட்டி கற்றாழை நாரில் திரிப்பாள், சணல் சீக்கிரம் இற்றுவிடும். இப்படிப் பத்து நிமிஷம் பேசினான். மூன்று மாதத்துப் பேச்சு. வகுப்பிலிருந்த தண்ணீர்ச் செம்பை அதில் வைத்து ஜன்னல் கம்பியில் மாட்டினான். முன் வரிசைக்காரன் எழுந்து வந்து, முடிச்சை எப்படிப் போட்டாய் என்று கேட்டான். அவிழ்த்து மறுபடியும் போட்டுக் காட்டினான்.

இதனால் எல்லாம் நேராகிவிட்டதென்று நேயர்கள் நினைக்க வேண்டாம். விடுதியில் இன்னும் சோற்றைப் பாதியில் வைத்துவிடுகிறான். இதைப்பற்றி விடுதிக்காரர்களிடம் சொன்னோம். வாரத்துக்கு இருமுறை கேழ்வரகுக் களி போடுவதாகச் சம்மதித்தார்கள். முதல் வாரம் போட்டார்கள். அடுத்த வாரம் மற்றப் பிள்ளைகள் முகம் சுளித்ததால் நிறுத்திவிட்டார்கள். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. குறிப்பில் எழுதிய சொல்லை மட்டும் அன்றைக்கே அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக என்ன எழுதுவதென்று தோன்றாமல் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

பொங்கல் விடுமுறைக்கு மலைக்குப் போனவன், பள்ளிக்கூடம் திறந்து நான்கு நாளாகியும் வரவில்லை. மூன்றாவது முறையும் போய்விட்டான் என்றே முடிவு செய்தோம். ஐந்தாம் நாள் மாலை வீட்டு வாசலில் வந்து நின்றான். தகப்பனார் துணையில்லை, தனியாகவே பஸ் ஏறி வந்திருக்கிறான். கையில் தேன் புட்டியும் இல்லை. காகிதத்தில் சுற்றி ஒரு பொருளைக் கொண்டுவந்திருந்தான். கற்றாழை நாரில் பாட்டி திரித்துக் கட்டிய உறி. அது முடிய நாலு நாள் பிடித்ததாம்.

நமது இல்லாள் அதை உள்ளே கொண்டுபோய், தயிர்ச் சட்டியை வைத்து மாட்டச் சொன்னாள். கூரையில் மூங்கில் ஏது? மின்சார விசிறிக்காகப் போட்ட கொக்கி ஒன்று சமையலறையில் சும்மா இருந்தது. பையன் முக்காலியின்மேல் ஏறி நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டான்:

"அந்த ஆளு திரும்பி ஊருக்கு வந்துட்டாரா ஸார்?"

"எந்த ஆள்?"

"அங்க போய் உறி கட்டினாரே, அவரு."

ஓடு மட்டும்தான் கிடைத்தது என்று சொன்னோம். அவன் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் உறியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பிறகு, தாங்கும் என்று சொல்லிக் கீழே இறங்கினான்.